பிரம்பும் பெறுபேறும்

“அடியாத மாடு படியாது” என்பது நமது ஆசிரியர் ஓய்வறைகளில் இன்றும் சாகாது வாழும் வேதவாக்கு. அதற்கு அடுத்தபடியாக அங்கே அடிக்கடி ஒலிப்பது, “நாங்களும் அடி வாங்கித்தானே படித்தோம், எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று?” என்னும் கேள்வி. அண்மைக் காலத்தில் இவ்விரண்டோடும் மூன்றாவது வாக்கியமொன்றும் சேர்ந்துள்ளது: “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் மன அழுத்தம். கைத்தொலைபேசியைப் பறித்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.”

இம்மூன்று வாக்கியங்களையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவனல்லன், உளவியல் கற்றவனுமல்லன். வன்னிக் கரையோரத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் சாதாரண ஆசிரியன். ஆயினும் வகுப்பறையில் நடப்பதைப் பற்றிப் பேசுவதற்கு ஆசிரியனுக்கு உள்ள உரிமையை யாரும் மறுக்க முடியாது. அந்த உரிமையோடு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடமையும் எனக்குண்டு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாம் தர மாணவர்களுக்கு ‘நான் விரும்பும் எதிர்காலம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். வைத்தியர், பொறியியலாளர், விமானி என்று நாற்பது கொப்பிகளிலும் வழக்கமான கனவுகள் வந்து சேர்ந்தன. ஒரு கொப்பியில் மட்டும் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: “எதிர்காலம் வந்தால் பார்ப்போம்.” அவ்வாக்கியத்தை நான் வகுப்பு முழுவதும் கேட்கும்படி உரக்க வாசித்தேன். “எங்கள் வகுப்பில் ஒரு தத்துவஞானி இருப்பது இத்தனை நாளும் எனக்குத் தெரியாமற் போய்விட்டதே” என்றேன். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்றே அன்று எண்ணிக்கொண்டேன். நான் பிரம்பைத் தொடவில்லை; குரலைக்கூட உயர்த்தவில்லை.

அந்தப் பையன் அன்றிலிருந்து ‘தத்துவஞானி’ ஆனான். மூன்று வாரங்களின் பின் அவன் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டான். இடாப்பில் அவன் பெயருக்கு நேரே வரவின்மைக் குறிகள் நிரம்பிய பின்னரே நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தாய் படலையடியிலேயே நின்று பேசினார்.

“அவன் இரவிலை நித்திரை கொள்ளுறேல்லை, சேர். தகப்பன் ஒருபக்கம், கடன்காரர் ஒருபக்கம். பள்ளிக்கூடம் போறதுதான் அவனுக்கு ஒரு ஆறுதலாக் கிடந்தது. இப்ப அங்கையும் எல்லாரும் பட்டம் சொல்லிச் சிரிக்கினமாம்.”

அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் யார் என்பது தாய்க்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் என்னைச் ‘சேர்’ என்று அழைத்திருப்பாரோ என்று இன்றும் எண்ணுவதுண்டு.

வீடு திரும்பும் வழியில் என் நினைவுக்கு வந்தது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். பல்கலைக்கழகத்தில் அதனைப் படித்து நல்ல புள்ளியும் பெற்றவன் நான். அழுகை என்னும் மெய்ப்பாடு நான்கு காரணங்களாற் பிறக்கும் என்று அந்நூல் வகுத்துரைக்கின்றது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். இழவு என்பது உறவினரையும் உடைமையையும் இழத்தல். அசைவு என்பது முன்னிருந்த நன்னிலை கெட்டு வருந்துதல். வறுமைக்கு உரை வேண்டியதில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் வெளிப்படும், கண்ணுடையோர் அதனைக் காண்பர் என்பதே மெய்ப்பாட்டியலின் அடிப்படை. இந்தச் சூத்திரத்துக்கு உரை கூறத் தெரிந்த நான், முன்வரிசையில் இருந்து உறங்கி வழிந்த ஒரு பையனின் உடலை வாசிக்கத் தெரியாதவனாக இருந்தேன். நமது தமிழ்க் கல்வியின் வறட்சிக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இந்நான்கையும் நமது வகுப்பறைகளில் வைத்து எண்ணிப் பாருங்கள்.

இழவு: இன்று பத்தாம், பதினோராம் தரங்களில் இருக்கும் பிள்ளைகள் 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரை நேரிற் கண்டவர்கள் அல்லர். ஆயின் அப்போரிலிருந்து மீண்ட பெற்றோரின் வீடுகளிலேதான் அவர்கள் வளர்ந்தார்கள். திரும்பி வராத ஒருவரின் படம் தொங்கும் சுவர், இரவில் அலறி விழிக்கும் தந்தை, எதைப் பற்றியும் பேசாத தாய் இவையே அவர்களுடைய முதற் பாடநூல்கள். போரின் காயம் தனி மனிதரோடு நின்றுவிடுவதில்லை, குடும்பத்தையும் சமுதாயத்தையும் கூட்டாகத் தாக்குகின்றது என்பதை யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது நூல்களில் நெடுங்காலமாகவே எடுத்துரைத்து வந்திருக்கிறார்.

அசைவு: இடம்பெயர்ந்தும் மீளக்குடியேறியும் காணியிழந்தும் நிலை தாழ்ந்த குடும்பங்கள் எத்தனை! போருக்குப் பின்னர் வீட்டுப் படலைவரை வந்த நுண்கடன் நிறுவனங்கள் எத்தனை! கிழமைதோறும் தவணைப் பணம் கேட்டு வாசலில் வந்து குந்தியிருந்தவர்களைக் கண்டு பின்வளவால் ஓடி ஒளிந்த தாய்மாரைப் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். 2018 ஆம் ஆண்டில் அரசாங்கமே தலையிட்டுப் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது என்றால் அந்தப் பளுவை அளந்துகொள்ளலாம்.

வறுமை: 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் மூடப்பட்ட பாடசாலைகள் அடுத்த ஆண்டிலும் நீண்ட காலம் மூடிக்கிடந்தன. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளில்லை, கடதாசியில்லை, பல வீடுகளில் மூன்று வேளை உணவுமில்லை. அக்காலத்தில் கடலுக்கும் கடைக்கும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகளிற் சிலர் பின்னர் வகுப்பறைக்குத் திரும்பவேயில்லை. திரும்பிய சிலர் இரவில் உழைத்துப் பகலில் நம் முன்னே உறங்குகின்றனர். என் ‘தத்துவஞானி’ அத்தகையோரில் ஒருவன் என்பதைப் பிற்பாடே அறிந்தேன்.

இம்மூன்றும் பிள்ளை தன் வீட்டிலிருந்து சுமந்து வருபவை. இவற்றை ஆசிரியர் உண்டாக்கவில்லை. தனித்து நின்று அவரால் தீர்க்கவும் முடியாது. ஆயின் நான்காவதாகிய இளிவு எங்கிருந்து வருகின்றது? அதனைப் பிள்ளைக்கு வழங்குவோர் நாமே. வாசலால் உள்ளே வரும்போது மூன்று சுமைகளோடு வரும் பிள்ளையை நான்கு சுமைகளோடு வீட்டுக்கு அனுப்புகின்றோம். நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: கட்டிளமைப் பருவத்துப் பிள்ளையின் மனநலத்துக்கு ஆசிரியர் ஆற்றக்கூடிய முதற்பணி மருந்திடுவதன்று, இகழ்ச்சியை நிறுத்துவது.

இனி, ஓய்வறை வாக்கியங்களுக்கு வருவோம்.

“அடியாத மாடு படியாது” என்போர் தம் கூற்றுக்கு இலக்கணமும் துணையென்பர். நன்னூலார் கடை மாணாக்கரை ஆட்டுக்கும் எருமைக்கும் ஒப்பிட்டிருக்கிறார் அல்லவா என்று கேட்பர். உண்மையே. ஆயின் அதே பொதுப்பாயிரத்தில், மாணாக்கனைப் பற்றிக் கூறுமுன்னர், ஆசிரியன் எத்தகையவனாக இருக்கவேண்டும் என்று அவர் கூறியிருப்பதை ஏன் மறந்தார்கள்? நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் அங்கு நல்லாசிரியனுக்கு உவமைகள். தன்னை மிதிப்போரையும் தாங்குவது நிலம். ஒருபாற் கோடாதது துலாக்கோல். நம்மவர்க்கு எருமை மட்டும் நினைவிருக்கிறது, நிலம் மறந்துபோயிற்று! பழைய நூல்களில் நமக்கு வாய்ப்பானதை மட்டும் பொறுக்கி எடுத்துப் ‘பாரம்பரியம்’ என்று பெயரிடும் இப்பழக்கம் வகுப்பறையில் மட்டும் காணப்படுவதன்று. ஆயின் அங்கே அதனால் விளையும் கேடு குழந்தைகளின் முதுகில் விழுகின்றது.

இலக்கணம் வேண்டாம், சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்போமானால் விடை இன்னும் தெளிவு. உடற்றண்டனையைப் பாடசாலையில் விலக்கி 2005 ஆம் ஆண்டிலும் பின்னர் 2016 ஆம் ஆண்டிலும் கல்வி அமைச்சு சுற்றறிக்கைகள் விடுத்தது. ஆசிரியரின் அடியால் செவிப்பறை பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அவ்வடி அரசியலமைப்பின் பதினோராம் உறுப்புரையை மீறுவதாகும் என்று 2021 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பதினோராம் உறுப்புரை எதைத் தடுப்பது? சித்திரவதையையும், கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தையையும் தண்டனையையும். ‘இழிவான’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். தொல்காப்பியர் ‘இளிவு’ என்றதை நாட்டின் அடிப்படைச் சட்டமும் அறிந்திருக்கின்றது. நாம் மட்டும் அறியோம்.

“நாங்களும் அடி வாங்கித்தான் படித்தோம்” என்பது அடுத்த வாதம். நானும் வாங்கியவன்தான். ஆயின் இவ்வாதத்தைச் சொல்லக்கூடியோர் யார்? படித்துத் தப்பியோர் மட்டுமே. அடி தாங்காது எட்டாம் வகுப்போடு படலையைத் தாண்டிப் போனவர்கள் ஆசிரியர் ஓய்வறையில் இல்லை. சாட்சி சொல்ல அவர்கள் அழைக்கப்படுவதுமில்லை. கரையேறியவர்களை மட்டும் கேட்டுவிட்டுக் கடலில் ஆபத்தில்லை என்று முடிவு கட்டுவது எத்தகைய நியாயம்? அன்றியும், “எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று?” என்று கேட்கும் கையிலேயே பிரம்பிருக்கிறது. குறைந்துபோனது எதுவென்பதற்கு அந்தக் கையே விடை.

மூன்றாவது, இக்காலத்துப் பிள்ளைகளின் ‘மன அழுத்தம்’ ஒரு நாகரிக நோய், கைத்தொலைபேசி கொண்டுவந்த நோய் என்பது. கைத்தொலைபேசியால் விளையும் கேட்டை நான் மறுக்கவில்லை. நள்ளிரவு வரை அதன் ஒளியில் விழித்திருக்கும் பிள்ளை காலையில் பாடம் கேட்காது. வகுப்பில் நடந்த கேலி வட்ஸ்அப் வழியாக வீடுவரை துரத்திச் செல்வதையும் கண்டிருக்கிறேன். ஆயின் நோய் அதனோடு பிறந்ததன்று. 1995 ஆம் ஆண்டில், கைத்தொலைபேசி எந்த மாணவனின் பையிலும் இல்லாத காலத்தில், இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். அது உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. அதே காலப்பகுதியில் அதிக நச்சுத்தன்மை கொண்ட பீடைநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. பத்தாண்டுகளில் அவ்விகிதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. 1998 இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் நீக்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது? இத்தகைய மரணங்கள் விதியல்ல. சமுதாயம் மனம்வைத்தால் தடுக்கக்கூடியவை. துயரத்தின் உச்சம் பெரும்பாலும் ஒரு குறுகிய வேளை. அவ்வேளை கடந்துபோக உதவினால் உயிர் தப்புகின்றது; தப்பியோரில் மிகப் பெரும்பாலோர் பின்னர் வாழவே விரும்புகின்றனர். ஆகவே அந்த வேளையில் ஒரு பிள்ளை நாடக்கூடிய முதியவர் ஒருவர் இருக்கிறாரா என்பது உயிர்ப் பிரச்சினை. நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் பிள்ளையைக் காண்பவர் ஆசிரியர். அவர் அந்த முதியவராக இல்லாவிட்டால் வேறு யார்?

பத்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோவொரு மனநலக் கோளாறுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாற்பது பேர் கொண்ட வகுப்பொன்றில் இது ஐவர் அல்லது அறுவர். உங்கள் வகுப்பில் அவர்கள் யார் யார் என்று பெயர் சொல்ல உங்களால் முடியுமா? அன்று என்னால் முடியவில்லை.

இனிப் பிரம்பைவிட நுட்பமான ஆயுதமொன்றைப் பற்றிப் பேசவேண்டும். அதுவே பெறுபேறு. ஒவ்வோராண்டும் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் பாடசாலை மதிலிலும் ரியூட்டரி வாசலிலும் சந்தியிலும் பதாகைகள் ஏறுகின்றன. பத்து வயதில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கே வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரின் படங்கள். தாண்டாத பிள்ளைகள் அப்பதாகையின் கீழாகத்தான் நடந்து பாடசாலைக்கு வரவேண்டும். சாதாரண தரத்துக்கு ஒன்பது ஏ, உயர்தரத்துக்கு மாவட்ட நிலை. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. எஞ்சிய மூவரும் மூடர்களா? இடமில்லாததற்கு அவர்களா பொறுப்பு? நாடு போதிய இடங்களை உண்டாக்கவில்லை என்னும் பொருளாதார உண்மையை, ‘நீ கெட்டிக்காரனில்லை’ என்னும் தனிமனிதக் குற்றமாக மாற்றிப் பிள்ளையின் நெஞ்சில் ஏற்றிவிடுவதே பெறுபேற்றுப் பதாகை செய்யும் வேலை.

1945 ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியை நிலைநாட்டியபோது ஏழையின் பிள்ளையும் செல்வரின் பிள்ளையும் ஒரே வாசலால் நுழைய வழி பிறந்தது. அதற்கும் முன்னர், 1920களின் இறுதியிலும் 1930களிலும், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளும் ஏனையோரோடு வாங்கில் அமரும் சம ஆசன உரிமைக்காக நல்லோர் போராடினர். நிலத்திலிருந்து வாங்குக்குப் பிள்ளையை ஏற்றுவதற்கு எத்தனை எதிர்ப்பு, எத்தனை போராட்டம்! இன்றோ, பகிரங்கமாகப் புள்ளி வாசித்து முதலாம் பிள்ளை முன்வாங்கு, கடைசிப் பிள்ளை பின்வாங்கு என்று நாமே மறுபடியும் ஆசனம் பிரிக்கின்றோம். தகப்பனின் தொழிலையும் வாழும் குறிச்சியையும் சொல்லிக் குத்தும் நாவும் இன்னும் சில வகுப்பறைகளில் ஓயவில்லை. சம ஆசனம் வந்தது, சம மதிப்பு வரவில்லை.

அப்படியாயின் ஆசிரியர் செய்யவேண்டியதென்ன? கருத்தரங்குகளில் வழங்கப்படும் நீண்ட பட்டியல்கள் எனக்கு உவப்பானவை அல்ல. நான் தவறிக் கற்ற சிலவற்றை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, காண்பது. ஒரு பிள்ளை வழக்கத்துக்கு மாறாக ஒதுங்குகிறதா, உறங்குகிறதா, சினக்கிறதா, கையெழுத்துச் சிதைகிறதா, விளையாட்டைக் கைவிட்டதா, தான் விரும்பிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஒருநாள் வாட்டம் எவர்க்கும் உண்டு. இரண்டு கிழமைக்கு மேலாக நீடித்தால் அது வேறு. குழப்படி செய்யும் பிள்ளையையே நாம் காண்கிறோம். ஓசையின்றி அமிழ்ந்துபோகும் பிள்ளையை ‘நல்ல பிள்ளை’ என்று பாராட்டிவிட்டு நகர்கிறோம். தமிழாசிரியருக்கு இதில் ஒரு தனி வாய்ப்பும் பொறுப்பும் உண்டு. கணித ஆசிரியரிடம் பிள்ளை விடையைத் தருகிறது, நம்மிடமோ கட்டுரையிலே தன்னையே தருகிறது. அதனைச் சிவப்பு மையாற் கீறுமுன் ஒருதரம் மனிதனாக வாசித்தல் வேண்டும்.

இரண்டாவது, கேட்பது. வகுப்பின் முன்னிலையில் அல்ல, பிறர் காணக்கூடிய, ஆனால் காதில் விழாத இடத்தில், “சில நாளாக நீ சோர்ந்திருக்கிறாய், என்ன நடந்தது?” என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருப்பது. நமக்கு இது மிகக் கடினம். பேசிப் பழகிய இனம் நாம். உடனே அறிவுரை கூறுதலும், “இதெல்லாம் ஒரு பிரச்சினையா?” என்று தேற்றுதலும் கதவைச் சாத்தும் செயல்கள். பிள்ளை உயிர்மேல் வெறுப்புற்றிருப்பதாக ஐயம் எழுந்தால் அதனை நேராகவே கேட்கவேண்டும். கேட்டால் அவ்வெண்ணம் புதிதாய் முளைத்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆய்வுகள் அவ்வச்சம் தவறென்றே காட்டியுள்ளன. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆறுதலே பிறக்கின்றது.

மூன்றாவது, தன் எல்லையை அறிவது. நோய்க்குப் பெயர் சூட்டுவது ஆசிரியர் வேலையன்று. “யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பதும் தவறு; “உன் உயிருக்கு ஆபத்தென்றால் உதவக்கூடியவரிடம் சொல்வேன், உன்னைத் தனியே விடமாட்டேன்” என்பதே உண்மையான வாக்கு. மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவும், 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கமும், சிறுவர்க்கான 1929 இலக்கமும் இருக்கின்றன. இவ்விலக்கங்கள் எத்தனை வகுப்பறைச் சுவர்களில் எழுதப்பட்டுள்ளன? ஒன்பது ஏ பெற்றவர் பெயரெழுத மதிலில் இடமிருக்கிறது. இவ்விரண்டு இலக்கங்களுக்கு ஒரு சாண் இடமில்லையா?

“இதற்குத்தான் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருக்கிறாரே” என்று சிலர் கைகழுவுவர். இருக்கிறார். பல பாடசாலைகளில் அவரே முப்பது பாடவேளை கற்பித்து, மிகுதி நேரத்தில் ஒரு களஞ்சிய அறையின் மூலையில் கதிரை போட்டுக் காத்திருக்கிறார். அவ்வறைக்குள் நுழையும் பிள்ளைக்கு மறுநாள் ‘விசர்’ என்று பட்டம் கிடைக்கின்றது. வகுப்பறையில் இகழ்ச்சியும் மூலையறையில் ஆறுதலும் என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்ள முடியாது. ஒரு கையால் வெட்டி மறுகையால் மருந்து கட்டுவதற்கு எதற்கு ஒரு பாடசாலை?

இவ்வளவும் கூறியபின் ஆசிரியரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டு நான் இறங்கிவிட்டால் அதுவும் அநீதியே. நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து, முடிக்க முடியாத பாடத்திட்டத்தை ஆசிரியர் கையில் திணித்து, பெறுபேற்று வீதத்தை வைத்து வலயக் கூட்டத்தில் அவரை எழுப்பிக் கேள்வி கேட்டு நாணச் செய்வது யார்? மேலதிகாரி அதிபரை இகழ, அதிபர் ஆசிரியரை இகழ, ஆசிரியர் மாணவனை இகழ, இளிவு மேலிருந்து கீழாகப் படிப்படியாக இறங்கிவந்து, திருப்பிக் கொடுக்க இயலாத பிள்ளையிடம் தங்கிவிடுகின்றது. சம்பளம் மாதக் கடைசியை எட்டாத ஆசிரியரும் நித்திரையின்றித்தான் வகுப்புக்கு வருகிறார். ஆகவே சம்பளத்துக்காகக் குரலெழுப்பும் நமது சங்கங்கள் வகுப்பின் தொகையைக் குறைக்கவும், பாடத்திட்டத்தின் பளுவைக் குறைக்கவும், ஆலோசனை ஆசிரியருக்கு உரிய நேரத்தையும் பயிற்சியையும் பெறவும், பத்து வயதுப் பரீட்சையின் கொடுமையை நீக்கவும் அதே குரலில் கோரவேண்டும். இவை கருணைக் கோரிக்கைகள் அல்ல, தொழிலுரிமைக் கோரிக்கைகள்.

ஆயின் அவையெல்லாம் கைகூடும் வரை காத்திருப்போம் என்று ஒருவரும் சொல்லலாகாது. பகிரங்கமாகப் புள்ளி வாசிப்பதை நிறுத்த எந்த அமைச்சின் அனுமதி வேண்டும்? ஒரு பிள்ளையின் கட்டுரையைக் கேலி செய்யாதிருக்க எந்த நிதியொதுக்கீடு வேண்டும்?

என் ‘தத்துவஞானி’யின் கதையை முடிக்கவேண்டும். அடையாளங்களை மறைத்து, அவனிடம் கேட்ட பின்னரே இதனை எழுதுகிறேன். அவன் உயிரோடிருக்கிறான். அதற்கு நான் காரணமல்லேன். அக்கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர், அவனுடைய சிறிய தங்கையின் நிறை பார்க்க வந்தவர், திண்ணையில் முடங்கிக் கிடந்த பையனைக் கண்டு நின்றிருக்கிறார். என்ன செய்தீர்கள் என்று பின்னொருநாள் அவரைக் கேட்டேன்.

“நான் ஒண்டும் செய்யேல்லை, சேர். பக்கத்திலை இருந்து, ‘தம்பி, உனக்குச் சாகவேணும் போலை கிடக்கோ’ எண்டு கேட்டன். ‘ஓம்’ எண்டான். தாயையும் கூட்டிக்கொண்டு அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போனம்.”

மெய்ப்பாட்டியல் கற்காத அவர் அந்தப் பையனைக் கண்டார். கற்ற நான் காணவில்லை.

சிகிச்சைக்குப் பின்னர் அவன் பாடசாலைக்குத் திரும்பினான். முதல்நாள் வகுப்பின் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்த வகுப்பு என்னோடு சேர்ந்து சிரித்ததோ அந்த வகுப்பின் முன்னிலையில். ஆசிரியரின் மதிப்புக் கெட்டுவிடும் என்று ஓய்வறையில் சிலர் முணுமுணுத்தனர். கெட்டதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் கட்டுரைக் கொப்பிகளில் பிள்ளைகள் எழுதியவை நான் அதுவரை கண்டிராதவையாக இருந்தன. கடனைப் பற்றி எழுதினார்கள், குடியைப் பற்றி எழுதினார்கள், அச்சத்தைப் பற்றி எழுதினார்கள்.

ஓராண்டு பிந்தி அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். தமிழில் சீ எடுத்தான். மதிலில் ஏறிய பதாகையில் அவன் பெயர் இல்லை. என் ஆசிரிய வாழ்வில் நான் கண்ட சிறந்த பெறுபேறு அதுவே என்று இங்கு எழுதி வைக்கிறேன். அவனைப் போன்ற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் ஐவரோ அறுவரோ இருக்கிறார்கள். நாளைக் காலை இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடும்போது, ஒவ்வொரு பெயருக்கும் ஒருதரம் தலை நிமிர்ந்து பாருங்கள்.